பிடரிக்குள் ஒரு குளம்

முப்பத்திரண்டு வருடங்கள் மற்றவர்களின் உடம்புக்குள் எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். அரசாங்கக் காகிதங்களில் அந்த உத்தியோகத்துக்குக் கதிர்ப்படப்பிடிப்பாளர் என்று பெயர். அந்தச் சொல்லை முழுவதும் உச்சரித்து என்னைக் கூப்பிட்ட ஒரே மனிதர் என்னுடைய ஓய்வூதியக் கோப்பைப் பார்த்த கிளாக்கர்தான். மற்ற எல்லோருக்கும் நான் எக்ஸ்ரே மிஸ். எக்ஸ்ரேக்குப் பிறகு சீ.ரி. ஸ்கான் வந்தது, அதற்கும் பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. ஆனால் உரும்பிராய்ச் சந்தியில் மரக்கறி விற்கிறவருக்கு நான் இன்றைக்கும் எக்ஸ்ரே மிஸ்தான். கத்தரிக்காயை நான் தூக்கிப் பார்த்தால், "என்ன மிஸ், உள்ளுக்குப் புழு தெரியுதோ?" என்று கேட்பார்.

போன மாதம் எங்கள் பிரிவில் வேலை செய்யும் கௌசலா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், புதுசா ஒரு கொம்பியூட்டர் புரோகிராம் வந்திருக்கு. மூளைப் படத்தைக் குடுத்தா அதுவே பாத்து, பிழையான இடத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் போடுது."

"நல்லதுதானே. அப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?"

"நாங்கள் வட்டத்தைப் பாக்கிறம்."

அவள் கூப்பிட்டது அதைச் சொல்வதற்காக அல்ல. பிரிவின் ஆண்டு மலருக்கு என் அனுபவம் ஒன்றை எழுதித் தர வேண்டுமாம், ஒரு பக்கம் போதுமாம். ஒரு பக்கத்தில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் சிவப்பு வட்டம் என்று அவள் சொன்னதும் ஒரு மனிதரின் தலை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தலையில் வட்டம் போட எந்தப் புரோகிராமும் தேவைப்பட்டிராது. படத்தைக் காட்டியிருந்தால் வாசலில் நின்ற காவலாளியே விரலை வைத்திருப்பார்.

அந்தத் தலைக்கு வருவதற்கு முன் நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் படித்தேன். சிங்களத்தில் நான் முதலில் கற்ற இரண்டு வசனங்கள் "மூச்சை இழுங்கள்", "மூச்சைப் பிடியுங்கள்" என்பவை. "மூச்சை விடுங்கள்" என்பதைக் கற்க ஒரு கிழமை பிந்திவிட்டது. அந்தக் கிழமை என்னிடம் நெஞ்சுப் படம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் முகம் சிவந்து, கண் பிதுங்கித் தாங்களாகவே முடிவெடுத்து மூச்சை விட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. படங்களும் நன்றாகத்தான் வந்தன. அதோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு குடாநாட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே எனக்கு மேலே இருந்தவர் டொக்ரர் சிவபாதம், படங்களைப் பார்த்து முடிவு எழுதும் கதிரியல் நிபுணர். நெற்றியில் மூன்று குறி திருநீறு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு. கதிரையில் ஒரு கைலேஞ்சியை விரித்து அதன்மேல்தான் இருப்பார். மேசையில் எப்போதும் வெறுந்தேத்தண்ணி, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. படம் சுகமானதென்றால் பனங்கட்டியைக் கடிப்பார், சிக்கலானதென்றால் சூப்புவார். வாசலில் நின்று அவருடைய கன்னத்தைப் பார்த்தாலே நோயாளியின் நிலைமை எங்களுக்கு விளங்கிவிடும்.

அவர் படம் பார்க்கும் முறையையும் சொல்ல வேண்டும். படத்தின் நடுவை அவர் முதலில் பார்க்கவே மாட்டார். இடது மேல் மூலையில் தொடங்கி நான்கு மூலைகளையும் பார்த்து, ஓரங்களை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் நடுவுக்கு வருவார். நோயாளிக்கு என்ன வருத்தம் என்று எழுதிய துண்டை அதுவரை கவிழ்த்தே வைத்திருப்பார். ஏனென்று ஒருநாள் கேட்டேன்.

"துண்டைப் படிச்சுப்போட்டுப் பாத்தா, துண்டிலை இருக்கிறதுதான் படத்திலையும் தெரியும். நடுவிலை பெரிசா ஒண்டு இருந்தா, ஓரத்திலை இருக்கிறதைக் கண் விட்டிடும். விளங்குதோ?"

"விளங்குது சேர்."

"விளங்கினாக் காணும். நீர் படத்தை எடும். பாக்கிறது என்ரை வேலை."

அந்தக் கடைசி வசனத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. வேலைக்கு வந்த புதிதில், விழுந்து கை நொந்து வந்த ஒரு அம்மாவிடம், "சின்ன வெடிப்பு மாதிரிக் கிடக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது வெடிப்பல்ல, எலும்பில் இரத்தக் குழாய் போகிற சாதாரணமான கோடு. அதற்குள் அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கோடிப்புறத்து முறிவு வைத்தியரைக் கூப்பிட்டு, எண்ணெய் போட்டு, மட்டை வைத்துக் கட்டி, ஒரு மாதம் சமைக்காமல் இருந்துவிட்டார். அவருடைய கணவர் எங்கள் பிரிவுக்கு வந்து, "எந்த மிஸ் சொன்னது?" என்று கேட்டபோது நான் இருட்டறைக்குள் போய் நின்றேன். அன்றைக்கு டொக்ரர் சிவபாதம் என்னிடம் பேசிய பேச்சுக்குப் பிறகு, நோயாளிகளிடம் நான் சொன்ன வசனங்கள் மூன்றே மூன்று: படுங்கோ, அசையாதேங்கோ, எழும்புங்கோ. பல வருடங்கள் அந்த மூன்றோடுதான் காலம் போயிற்று.

இனி யேசுதாசன் அண்ணையின் தலை.

அவர் குருநகர்க்காரர். ஐம்பத்துநான்கு வயது, கறுத்துத் திரண்ட மனிதர், பதினாறு வயதிலிருந்து கடல்தொழில். ஒருநாள் காலை ஜெற்றியில் நின்று எஞ்சினின் கயிற்றை இழுத்தபோது கால் வழுக்கி, பிடரி வள்ளத்தின் விளிம்பில் அடிபட விழுந்துவிட்டார். வயிறு பிரட்டி இரண்டு தரம் சத்தி எடுத்தார். தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடியவரை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் சீ.ரி. ஸ்கானுக்கு அனுப்பினார்கள்.

மேசையில் படுக்க வைத்து, தலையை அதைத் தாங்கும் தொட்டிலில் பொருத்தினேன். உடனே இரண்டு கையாலும் மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார்.

"ஐயோ மிஸ், சுத்துது! உலகமே சுத்துது!"

"அசையாதேங்கோ அண்ணை," என்று கண்ணை மூடும்படி கையால் சைகை காட்டினேன்.

கிடந்தார். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. தலையில் அடிபட்டவருக்குச் சுற்றத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினேன். அந்த இடத்தில் நான் விட்ட பிழை எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. இரத்தம் இல்லை. எலும்பும் முறியவில்லை. ஆனால் பிடரிப் பக்கம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குளம். சீ.ரி. படத்தில் தண்ணீர் கறுப்பாகத்தான் தெரியும். சிறுமூளையின் இரண்டு பாதிகளும் குளத்தின் இரு கரைகளிலும் ஒதுங்கி நின்றன, நடுவில் அவற்றைச் சேர்க்கிற பகுதி பேருக்குக் கொஞ்சம் இருந்தது.

இது அடிபட்டு வந்ததல்ல. தாயின் வயிற்றில் பிள்ளை உருவாகும்போதே அந்த நடுப்பகுதி சரியாக வளராமல் போனால், பக்கத்திலுள்ள நீர் அறை ஊதிப் பெருத்துப் பிடரி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். மிகவும் அரிது. பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே தலை பெருத்துத் தெரிந்துவிடும். வெகு சிலருக்கு மட்டும் மூளை அந்தத் தண்ணீரோடு சமாதானமாகி, ஒரு குறையும் காட்டாமல் வாழ்ந்துவிடும். அதற்கு இரண்டு வெள்ளைக்கார டொக்ரர்மாரின் பெயர்களை ஒட்டி ஒரு பெயர் இருக்கிறது. நான் புத்தகத்தில் பார்த்ததோடு சரி.

டொக்ரர் சிவபாதத்தைக் கூப்பிட்டேன். மூலையில் தொடங்குகிற மனிதர் அன்றைக்கு நேராக நடுவுக்குப் போனார். பனங்கட்டி கன்னத்துக்குள் போனது, வெகுநேரம் வெளியே வரவில்லை.

கால் மணித்தியாலத்துக்குள் அறை நிரம்பிவிட்டது. பயிற்சி டொக்ரர்மார், மாணவர்கள், அடுத்த கட்டடத்துத் தாதிமார் எல்லோரும் வந்துவிட்டார்கள். கண்ணாடிக்குள்ளால் யேசுதாசன் அண்ணை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், ஆயர் வந்த மாதிரிச் சனமாக் கிடக்கு?" என்று கேட்டார்.

படுங்கோ, அசையாதேங்கோ, எழும்புங்கோ என்ற மூன்றில் எதுவும் அதற்குப் பதிலாகப் பொருந்தவில்லை.

அன்று பகல் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். இளவயது, கெட்டிக்காரர், அவசரப்படாமல் பேசுவார். யேசுதாசன் அண்ணையையும் மனைவி றீற்றா அக்காவையும் இருத்தி, படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். நான் கோப்போடு பக்கத்தில் நின்றேன். றீற்றா அக்கா படத்தை உற்றுப் பார்த்தார்.

"உந்தக் கறுப்பு முழுக்கத் தண்ணியோ டொக்ரர்?"

"ஓம் அம்மா. பிறக்கேக்கையே இருந்திருக்கு."

"உவருக்குத் தலைக்குள்ளை ஒண்டுமில்லையெண்டு கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறன். உங்களுக்கு இப்பதான் தெரியுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். யேசுதாசன் அண்ணைதான் எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் கை கழுவப் போனபோது, குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் றீற்றா அக்கா அழுதுகொண்டு நின்றார். என்னைக் கண்டதும், "முகம் கழுவ வந்தனான்" என்றார்.

நிலைமை சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. யேசுதாசன் அண்ணைக்குத் தலையிடி. நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் சாய்ந்தார். எல்லாவற்றையும்விட, அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் சுற்றுகிறது என்று ஆஸ்பத்திரி வாட்டிலும், பிறகு வீட்டிலும் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டார். தலைக்குள் அழுத்தம் ஏறினால் படுக்கும்போது வருத்தம் கூடும், சிறுமூளை பாதிக்கப்பட்டால் நடை தள்ளாடும். எல்லாம் அந்தக் குளத்தையே கை காட்டின. அடிபட்டதில் குளம் கலங்கிவிட்டது, தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வடிய விட வேண்டியிருக்கும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். இனிக் கடலைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னார்.

"கரையிலை நிண்டு நான் என்ன செய்யிறது டொக்ரர்?" என்று கேட்டார் யேசுதாசன் அண்ணை. அவர் குரல் தாழ்ந்ததை நான் முதல் தரம் கேட்டது அப்போதுதான். அந்தக் கிழமையே வள்ளத்தை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டார்.

வெட்டுவதற்கு முன் நிபுணர் இரண்டு விஷயங்கள் கேட்டார். ஒன்று, எம்.ஆர்.ஐ. படம். மற்றது, பழைய படம் ஏதாவது இருந்தால் நல்லது, குளம் முன்பு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரியும்.

"படம் இருக்கு," என்றார் றீற்றா அக்கா.

அடுத்த நாள் ஒரு சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். யேசுதாசன் அண்ணை பதினாறு வயதில் கோயில் திருநாளுக்குக் கொடி கட்ட மதிலில் ஏறி விழுந்தபோது எடுத்த தலை எக்ஸ்ரே. எத்தனை இடப்பெயர்வு! பிறப்புச் சான்றிதழ் தொலைந்தது, கலியாணப் படம் தொலைந்தது, அந்த எக்ஸ்ரே மட்டும் தொலையவில்லை. படத்தில் விரல் அடையாளங்கள், ஒரு மூலையில் மெழுகுதிரி ஒழுகிய தடம்.

"என்ன அம்மா இது, இவ்வளவு கீறல்?" என்று டொக்ரர் சிவபாதம் கேட்டார்.

"சூரிய கிரகணம் வந்ததெல்லே டொக்ரர். எங்கடை ஒழுங்கைச் சனம் முழுக்க உதுக்குள்ளாலைதான் பாத்தது."

"இவரின்ரை தலைக்குள்ளாலையோ?"

"ஓம். நல்ல வடிவாத் தெரிஞ்சுது."

அப்படிப் பார்ப்பது கண்ணுக்குக் கூடாது என்று டொக்ரர் ஒரு நிமிடம் கண்டித்துவிட்டு, படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இந்தத் தரம் மூலைகளில் தொடங்கினார். எக்ஸ்ரேயில் தண்ணீர் தெரியாது, எலும்புதான் தெரியும். பிடரி எலும்பு அப்போதே மெலிந்து, வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. உள்ளே குளம் இருந்திராவிட்டால் எலும்பு அப்படி இடம் விட்டிருக்காது.

"குளம் பழசு," என்றார் டொக்ரர் சிவபாதம்.

"குளம் பழசுதான் சேர். சுத்து புதிசு," என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

விழுந்து இரண்டு கிழமையில் எம்.ஆர்.ஐ.க்கு வந்தார். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். இரும்புத் துண்டு எதுவும் அறைக்குள் போகக் கூடாது. கழுத்துச் சங்கிலியில் இருந்த அந்தோனியார் பதக்கத்தை வெகு தயக்கத்தோடு கழற்றி மனைவியிடம் கொடுத்தார். வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்தார். ஆஸ்பத்திரி உடுப்பைக் கையில் கொடுத்தேன். மாற்றிய சேட்டை நான் மடித்தபோது பொக்கற்றிலிருந்து இரண்டு தூண்டில் கொளுக்கிகள் விழுந்தன.

"உதுகளை நானே மறந்துபோனன் மிஸ்."

"காந்தம் மறந்திராது அண்ணை."

அது என்னுடைய மூன்று வசனங்களில் இல்லாத நான்காவது வசனம். ஒன்று வெளியே வந்தால் மற்றதும் வரும் போலிருக்கிறது. மேசைக்குக் கிட்ட வந்ததும் அவர் படுக்க மறுத்தபோது, "படுங்கோ" என்று சொல்வதற்குப் பதிலாக, "எப்பிடிச் சுத்தும்?" என்று கேட்டுவிட்டேன்.

"படுத்த உடனை வராது. சும்மா கிடப்பன், பிறகு ஒரேயடியாப் பம்பரம் மாதிரி. வலப்பக்கம் திரும்பினாத்தான் கூட. இடப்பக்கம் அவ்வளவு இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு அருள்நிறைந்த மரியே செபம் சொல்ல நிண்டிடும் மிஸ்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. எழும்பினாத் திரும்பவும் வரும். அதுதான் படுக்கிறேல்லை."

கை கொடுத்துப் படுக்க வைத்தேன். இந்தத் தரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகவில்லை. "கண்ணை மூடாதேங்கோ, என்னைப் பாருங்கோ," என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. திடீரென்று இரண்டு கருவிழிகளும் மீன் கடித்த தூண்டில் மிதவை போலத் துடிக்கத் தொடங்கின. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் செபம் சொன்னார். இரண்டாவது செபம் முடிகிற இடத்தில் விழிகள் அடங்கின.

"இனி எடுங்கோ மிஸ்," என்றார், ஒன்றுமே நடக்காதது போல.

இதே கண்ணை நான் முன்பு பார்த்திருக்கிறேன், என் சொந்த அக்காவின் முகத்தில். நல்லூரில் சைக்கிளால் விழுந்து தலை அடிபட்ட பிறகு, கட்டிலில் புரளும்போதெல்லாம் அக்காவுக்கு இப்படிச் சுற்றும். காதுக்குள் சமநிலையைக் கவனிக்கிற இடத்தில் மணல் போல நுண்ணிய பளிங்குகள் இருக்கின்றன. அடிபட்டால் ஒன்றிரண்டு கழன்று, போகக் கூடாத வளைவுக்குள் போய்விடும். ஐம்பத்துநான்கு வருடம் கிடந்த குளத்துக்கு வலப்பக்கம் இடப்பக்கம் என்று ஏன் வித்தியாசம்? இரண்டு செபத்தில் அது ஏன் அடங்க வேண்டும்?

படத்தை எடுத்து முடித்தேன். பிறகு டொக்ரர் சிவபாதத்தின் அறை வாசலில் நின்றேன். உள்ளே போக எடுத்த நேரம், எண்ணெய் போட்டு மட்டை கட்டிய அந்த அம்மாவை ஒரு தரம் முழுவதும் நினைத்துப் பார்க்கப் போதுமானதாக இருந்தது.

"சேர், ஒரு விசயம்."

"படம் சரி வரேல்லையோ?"

"படம் நல்லா வந்திருக்கு சேர். ஆளிலைதான் விசயம்."

"ஆளைப் பற்றி நீர் ஏன் கதைக்கிறீர்?"

"படுக்க வைச்சது நான்தானே சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ஸ்கானிலும் இதேதான் நடந்தது, நான்தான் கண்ணை மூட வைத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் இருந்தது?"

"ரெண்டு அருள்நிறைந்த மரியே, சேர்."

"அது எத்தினை செக்கன்?"

எனக்கும் தெரியாது. நானும் சைவம், அவரும் சைவம். என் கடிகாரமோ காந்தத்துக்குப் பயந்து மேசை லாச்சிக்குள் கிடந்தது. டொக்ரர் யோசித்துவிட்டு, "அந்த அம்மாவைக் கூப்பிடும்," என்றார்.

றீற்றா அக்கா வந்து நின்றார். டொக்ரர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, அருள்நிறைந்த மரியே ரெண்டு தரம் சொல்லுங்கோ," என்றார்.

படம் எடுத்து முடிந்ததும் பெரிய டொக்ரர் தனியே கூப்பிட்டுச் செபம் சொல்லச் சொன்னால் ஒரு பெண் என்ன நினைப்பாள் என்று எங்கள் இருவருக்கும் படவில்லை. றீற்றா அக்காவின் முகம் வெளிறியது. முழங்காலில் விழுந்தார். முதல் செபத்தைச் சொல்லி முடித்தார். இரண்டாவதன் நடுவில் குரல் உடைந்து, "ஐயோ என்ரை ராசா!" என்று கத்தத் தொடங்கிவிட்டார். அடுத்த அறையிலிருந்து யேசுதாசன் அண்ணை, "என்னடியப்பா, ஆர் செத்தது?" என்று கேட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஓடிவந்தார்.

டொக்ரர் சிவபாதம் அவ்வளவு பதறி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. "இல்லை அம்மா, நேரம் பாக்கத்தான்... நல்ல விசயம், நல்ல விசயம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் தேத்தண்ணியை அவரிடம் நீட்டினார். கதிரையில் விரித்திருந்த கைலேஞ்சியையே எடுத்துக் கண்ணைத் துடைக்கக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அரை நிமிசத்துக்குக் கிட்ட வரும்," என்றார்.

அதன் பிறகு அவரே தொலைபேசியை எடுத்துக் காது, மூக்கு, தொண்டை நிபுணரான பெண் டொக்ரரையும் சத்திரசிகிச்சை நிபுணரையும் கூப்பிட்டார். அந்தப் பெண் டொக்ரர் வந்ததும் முதலில், தலையைச் சட்டென்று திருப்பலாமா என்று அறிய, கழுத்து எலும்பின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு யேசுதாசன் அண்ணையைக் கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் சாய்த்தார். விழிகள் துடித்தன. எந்தத் திசையில் துடிக்கின்றன என்று குனிந்து பார்த்தார்.

"சிறுமூளையாலை வாற சுத்தெண்டா கண் இப்பிடி ஆடாது. இது காதுதான்," என்றார்.

துடிப்பு அடங்கும் மட்டும் காத்திருந்து தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், உடம்போடு சேர்த்துப் புரட்டினார், பிறகு நிமிர்த்தி இருத்தினார். வழி தவறிய மணலைக் காதின் வளைவிலிருந்து உருட்டி உருட்டி வெளியே எடுக்கிற வேலை. இதையே இன்னொரு தரம் செய்தார். இரண்டாம் தரம் விழிகள் அசையவில்லை.

"இப்ப உங்கடை பாட்டிலை படுங்கோ ஐயா."

அவர் பயந்து பயந்து சாய்ந்தார். தலை தலையணையைத் தொட்டது. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் கூரையைப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார். இடப்பக்கம் திரும்பினார். "அட," என்றார். அடுத்து வந்த சத்தம் குறட்டை. இரண்டு கிழமையாகக் கதிரையில் குந்தியிருந்த மனிதர், மூன்று டொக்ரர்மார் சுற்றி நிற்க, வாயைத் திறந்துகொண்டு நித்திரையாகிவிட்டார். எழுப்ப ஒருவருக்கும் மனம் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலுக்கு வரவிருந்த இரண்டு பேரை அடுத்த அறைக்கு மாற்றினோம்.

சத்திரசிகிச்சை நிபுணர் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை. கண்ணின் பின்பக்க நரம்பைச் சோதிப்பித்தார், அங்கே அழுத்தத்தின் அடையாளம் இல்லை. ஒரு கிழமை கழித்து நேர்கோட்டில் நடக்க வைத்தார், நேராக நடந்தார். அடிபட்டதால் வந்த தலையிடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு போனது. குளம் எம்.ஆர்.ஐ.யில் பெரிதாக, வடிவாகத்தான் தெரிந்தது. ஆனால் அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. குழாய் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தரம் படம் எடுத்துப் பார்ப்போம், தனியாக மட்டும் கடலுக்குப் போக வேண்டாம் என்று முடிவாயிற்று. மைத்துனர் வள்ளத்தைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது எஞ்சினைப் பழுதாக்கிக் கொடுத்தார் என்பது றீற்றா அக்காவின் முறைப்பாடு.

ஒரு வருடம் கழித்து அவர் மறுபடி படம் எடுக்க வந்தார். டொக்ரர் சிவபாதம் அதற்குள் இடம் மாறிப் போய்விட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கோப்பை எடுத்தேன். தட்டச்சு செய்த றிப்போட்டுக்குப் பின்னால் டொக்ரர் கையால் எழுதிய தாள் குத்தப்பட்டிருந்தது. அதன் கடைசி வரியில், தலைச்சுற்றுக்குக் காரணம் காதாக இருக்கலாம் என்பதைப் படமெடுத்தவர் கவனித்துச் சொன்னார் என்று ஆங்கிலத்தில் எழுதி, என் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். அந்த வரியை வெட்டிப் பென்சிலால் ஒரு கோடு. தட்டச்சு செய்த றிப்போட்டில் வரியே இல்லை.

தட்டச்சு செய்யும் புவனாவிடம் தாளைக் காட்டினேன்.

"ஓம் மிஸ், நான்தான் வெட்டினது. படமெடுக்கிற ஆக்களின்ரை பேர் றிப்போட்டிலை வாறேல்லையே. சேர் களைச்சுப்போய் மாறி எழுதிப்போட்டார் எண்டு நினைச்சன். பிழையோ?"

"இல்லை. சரிதான்," என்றேன். தாளைக் கோப்பிலேயே திரும்பக் குத்திவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரித் தாள் ஆஸ்பத்திரிக்குத்தான் சொந்தம். ஆனால் குத்துவதற்கு முன் இன்னொரு தரம் வாசித்தேன் என்பதை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை.

அதற்குள் உள்ளே, அப்போது வேலைக்குப் புதிதாக வந்திருந்த கௌசலா படம் எடுத்து முடித்திருந்தாள். குளம் அப்படியே இருந்தது. ஒலிபெருக்கியில் யேசுதாசன் அண்ணையின் குரல் வந்தது.

"மிஸ், நான் எழும்பலாமோ? வள்ளம் காத்துக்கொண்டு நிக்குது."

"எழும்புங்கோ அண்ணை."

ஒருவர் கையையும் பிடிக்காமல் எழும்பினார். காலைத் தொங்கப் போட்டார், இறங்கினார். வெளியே காத்திருந்த றீற்றா அக்கா அவருடைய முழங்கையைப் பிடிக்கப் போனார். அவர் உதறிவிட்டு நடைபாதையால் நேராக நடந்தார். நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிவாசலுக்குக் கிட்ட ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் கை வைத்தார். நான் இரண்டடி ஓடியே போய்விட்டேன்.

செருப்புப் போடுவதற்குத்தான்.